அந்தப் பெண்ணையும் கேட்போம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் முதுகலைப் பொருளாதாரம் பயின்ற மாணவி ஒருவர் ஒரு மாலையில் வீட்டுக்கு வந்தார். வங்கியில் பணியாற்றுபவர். அவருடைய மூத்த மகளுக்கு அப்போது 19 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவர். நலம் விசாரித்து முடித்த பிறகு, வந்த காரியத்தைச் சொன்னார். மகளின் கருப்பையை அகற்றிவிடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். மருத்துவர் ஒருவரும் அதற்கு இசைந்துவிட்டார். "மாதாமாதம் நான் படும் பாடு ஒருபுறம் இருக்கட்டும், மேடம். நான் வேலையில் இருக்கும் நேரத்தில் அவளுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வேன்? எனக்குப் பிறகு அவளை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்.

"மகளிடம் இதைப் பற்றிப் பேசினாயா?" என்று கேட்டேன். அவர் வியப்புடன் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணிடமே கேட்கலாம் என்ற எண்ணம் அவ்வீட்டில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவர் அன்பில்லாத தாய் அல்லர். பத்தொன்பது ஆண்டுகள் மகளுக்காகவே வாழ்ந்தவர். ஆனால், அன்பும் அச்சமும் களைப்பும் ஒன்றுசேர்ந்து எடுக்கும் முடிவில், யாருடைய உடலைப் பற்றி முடிவெடுக்கிறோமோ அவர் காணாமல் போய்விடுகிறார். நம் நாட்டில் அறிவுசார் குறைபாடு உடைய பெண்களின் கருத்தடை குறித்த விவாதம் தொடங்க வேண்டிய இடம் இதுதான். கருத்தடை வேண்டுமா, வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. அதை யார், யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் அறிவுசார் குறைபாடு உடையோர் சுமார் 15 லட்சம் பேர். இவர்கள் அனைவரும் ஒரே தன்மையினர் அல்லர். பெரும்பான்மையோருக்கு இக்குறைபாடு லேசான அளவிலேயே உள்ளது. அவர்கள் பேசுவார்கள், பேருந்தில் செல்வார்கள், எளிய வேலைகளைச் செய்து ஊதியம் ஈட்டுவார்கள். பணக் கணக்கில் தடுமாறும் ஒருவர், தனக்கு எது பிடிக்கும், எது வலிக்கும், யார் தொடுவது பிடிக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். சிலருக்கே எல்லாவற்றுக்கும் பிறர் துணை தேவைப்படும் அளவுக்குக் குறைபாடு கடுமையாக உள்ளது. ஆயினும், 'குழந்தை மனம்' என்ற ஒரே சொல்லில் அனைவரையும் அடக்கிவிடுகிறோம். குழந்தையிடம் கருத்துக் கேட்பதில்லை அல்லவா?

இந்த மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 1994-இல் மகாராஷ்டிரத்தில் நிகழ்ந்தது ஒரு சான்று. புணே மாவட்டம் சிரூரில் இருந்த அரசு இல்லத்தில் வசித்த அறிவுசார் குறைபாடு உடைய பெண்கள் பலருக்கு, அவ்வாண்டு பிப்ரவரியில் புணே சசூன் அரசு மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. அவர்களால் மாதவிடாய்க் காலத் தூய்மையைப் பேண முடியவில்லை என்பதும், கர்ப்பமுறும் ஆபத்து உள்ளது என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். பெண்கள் அமைப்புகளும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் போராடியதால் மற்றவர்களுக்குத் திட்டமிட்டிருந்த அறுவை சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. போதிய பணியாளரை நியமிப்பதற்கும், இல்லத்தின் பாதுகாப்பைப் பலப்படுத்துவதற்கும் மாற்றாக அங்கு அறுவை சிகிச்சை கையாளப்பட்டது என்பதே அந்நிகழ்வின் சாரம்.

இதில் இந்தியா மட்டும் குற்றவாளி அன்று. 'யூஜெனிக்ஸ்' எனப்பட்ட இனமேம்பாட்டுக் கோட்பாட்டின் பெயரால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வளர்ந்த நாடுகளே இதைச் சட்டமாக்கின. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணம், 'மந்த புத்தி' உடையோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய 1924-இல் சட்டம் இயற்றியது. கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கில், 1927-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அவர் மந்த புத்தி உடையவரே அல்லர் என்பதும், வன்கொடுமைக்கு ஆளாகித் தாயானதை மறைக்கவே காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார் என்பதும் பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தன. இதற்கு நேர்மாறாக, கனடா உச்சநீதிமன்றம் 1986-இல் 'ஈவ்' என்று புனைபெயரிடப்பட்ட பெண்ணின் வழக்கில், மருத்துவத் தேவை இல்லாத நிரந்தரக் கருத்தடையைத் தாய் கோரினாலும், அப்பெண்ணின் ஒப்புதல் இன்றி நீதிமன்றம் அனுமதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

நமது உச்சநீதிமன்றத்தின் முன் இந்தக் கேள்வி 2009-இல் வந்தது. சண்டீகரில் அரசுக் காப்பகம் ஒன்றில் வசித்த, பெற்றோர் இல்லாத, அறிவுசார் குறைபாடு உடைய ஓர் இளம்பெண், காப்பகத்திலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க சண்டீகர் நிர்வாகம் அனுமதி கோரியது. பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, அப்பெண் குழந்தையைப் பெற்றெடுக்க விரும்புவதாகத் தெரிவித்தது. அப்படியிருந்தும் உயர்நீதிமன்றம் கருக்கலைப்புக்கு உத்தரவிட்டது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த உத்தரவை நிறுத்தியது.

கருவுறுதல், கருவைத் தாங்குதல், கருத்தடையை மேற்கொள்ளுதல் ஆகியவை குறித்து முடிவெடுப்பது, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு என்பதையும் அது தெளிவுபடுத்தியது. மருத்துவ முறையிலான கருக்கலைப்புச் சட்டம், மனநோயாளிக்குப் பாதுகாவலரின் ஒப்புதல் போதும் என்கிறது. அறிவுசார் குறைபாடு உடைய, 18 வயது நிறைந்த பெண்ணுக்கு இவ்விதிவிலக்கு பொருந்தாது என்பது தீர்ப்பின் அடிப்படை. காப்பகம் தன் கடமையில் தவறியதற்கான விலையை அந்தப் பெண்ணின் விருப்பத்தைப் பறித்து ஈடுகட்ட முடியாது என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

சட்டமும் முன்னேறியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. எத்தனை குழந்தைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதை முடிவு செய்யும் உரிமையையும், பிறருக்குச் சமமாகத் தம் கருவளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையையும் அதன் 23-ஆவது பிரிவு உறுதிசெய்கிறது. அதையொட்டி இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 10-ஆவது பிரிவு இரண்டு கட்டளைகளை இடுகிறது. முதலாவது, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். இரண்டாவது, விவரம் அறிந்து சுதந்திரமாக அளிக்கும் ஒப்புதல் இன்றி, கருவளத்தை அழிக்கும் எந்த மருத்துவ நடைமுறைக்கும் அவர்களை உட்படுத்தக் கூடாது. ஒப்புதலின்றிக் கருவைக் கலைப்பது, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது 92-ஆவது பிரிவு. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும், மருத்துவரின் கருத்துடனும் பாதுகாவலரின் ஒப்புதலுடனும் அதில் விலக்கு உண்டு.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் அந்தத் தெளிவு இல்லை. காரணம், பெற்றோரின் அச்சங்கள் உண்மையானவை. அவற்றைப் புறந்தள்ளிவிட்டு உரிமையை மட்டும் பேசுவது நியாயமாகாது. ஒவ்வோர் அச்சத்தையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, மாதவிடாய்க் காலத் தூய்மை. பல் துலக்கவும் உடை மாற்றவும் படிப்படியாகக் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு, படங்களின் துணையுடனும் பொம்மையில் செய்து காட்டியும் அணையாடை மாற்றவும் கற்றுக்கொடுக்க முடியும். சிறப்புக் கல்வியாளர்கள் இதைச் செய்துவருகிறார்கள். பூப்பெய்தும் முன்பே பயிற்சியைத் தொடங்குவது நல்லது. கற்றுக்கொள்ள இயலாதவருக்கும், மிகுந்த இரத்தப்போக்கோ வலியோ உள்ளவருக்கும் மருந்துகள் உள்ளன. இரத்தப்போக்கைக் குறைக்கும் ஹார்மோன் கருத்தடை வளையமும் உண்டு. கருப்பையை அகற்றுவது பெரிய அறுவை சிகிச்சை. நோய் இருந்தால் அது சிகிச்சை. தூய்மைப் பராமரிப்புக்கான வழி அன்று.

இரண்டாவது, பாலியல் வன்கொடுமை. இங்கேதான் நம் சிந்தனை பெரிதும் தடம்புரள்கிறது. கருப்பையை அகற்றுவதாலோ கருக்குழாயைத் துண்டிப்பதாலோ எந்தப் பெண்ணும் வன்கொடுமையிலிருந்து காப்பாற்றப்படுவதில்லை. தடுக்கப்படுவது கர்ப்பம் மட்டுமே. தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தெரியாத பெண்ணின் விஷயத்தில், கர்ப்பமே பல சமயங்களில் குற்றத்தை வெளிக்கொணரும் ஒரே சாட்சி. சண்டீகர் நிகழ்வும் அப்படித்தான் வெளியே வந்தது. 'இனி இவளால் பிரச்னை வராது' என்று அக்கம்பக்கத்தார் அறிந்துவிட்டால், அது தவறிழைப்பவனுக்குத் துணிவைத் தரும்.

உண்மையான பாதுகாப்பு வேறிடத்தில் இருக்கிறது. உடல் உறுப்புகளின் பெயரையும், 'வேண்டாம்' என்று சொல்லவும், நடந்ததை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் தெரிவிக்கவும் அந்தப் பெண்ணுக்குக் கற்றுத்தர வேண்டும். மாற்றுத்திறன் உடைய பெண்ணை வன்கொடுமை செய்பவருக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் என்கிறது சட்டம். அவருடைய புகாரை, அவர் இருக்கும் இடத்துக்கே சென்று, சிறப்புக் கல்வியாளரின் துணையுடன் காவல்துறை பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் 2013 முதல் உள்ளது. இவை பெற்றோருக்கும் காவல் நிலையங்களுக்கும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 'குழந்தை பிறந்தால் இவளால் வளர்க்க முடியுமா?' என்ற கேள்வி. சிலரால் துணையுடன் முடியும், சிலரால் முடியாது. 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று உண்மையை மறைத்து மணமுடித்துவைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அப்பெண்களுக்குத் தாம்பத்தியம் பற்றியோ, குழந்தை எப்படி உண்டாகிறது என்பது பற்றியோ எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கருத்தடையைத் திணிப்பது உரிமை மறுப்பு என்றால், விரும்பும் பெண்ணுக்கு அதைப் பற்றிச் சொல்லாமலே விடுவதும் உரிமை மறுப்பே. காதலும் கணவனும் இவர்களுக்கு எதற்கு என்று ஒரு சாராரும், ஆபத்து வரும்முன் அறுத்துவிடு என்று மறுசாராரும் சொல்கிறார்கள். இரு சாராரும் அந்தப் பெண்ணை வளர்ந்த மனுஷியாகக் கருதவில்லை என்பதில் ஒன்றுபடுகிறார்கள்.

நமக்கு உடனே அறுவை சிகிச்சை நினைவுக்கு வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான இந்தியப் பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் இது பாதிக்கும் மேல். 'குடும்பக் கட்டுப்பாடு' என்றாலே 'ஆபரேஷன்' என்று பொருள்கொள்ளப் பழகிவிட்டோம். அந்த அறுவை சிகிச்சைக்குக்கூட, திருமணமாகி, 22 வயது கடந்து, குறைந்தது ஒரு குழந்தையேனும் இருக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டு நெறி. மற்ற பெண்களுக்கு இந்த வரம்பை விதித்துவிட்டு, மணமாகாத 19 வயதுப் பெண்ணின் கருப்பையையே அகற்றலாமா என்று நாம் யோசிப்பது விந்தையன்றோ?

மீண்டும் கருவுறும் வாய்ப்பை அழிக்காத வழிகள் பல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் 'அந்தரா' ஊசி, வாரம் ஒருமுறை உண்ணும் 'சாயா' மாத்திரை, பத்து ஆண்டுகள் வரை பயன்தரும் 'காப்பர்-டி' ஆகியவை அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தர முடியாது. அறிவுசார் குறைபாடு உடையோரில் பலருக்கு வலிப்பு நோயும் உண்டு. வலிப்புக்கான சில மருந்துகள் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். நடமாட்டம் குறைந்தவர்களுக்குச் சில மாத்திரைகளால் இரத்தம் உறையும் அபாயம் கூடும். நீண்டகாலம் ஊசி போட்டால் எலும்பின் அடர்த்தி குறையக்கூடும். எனவே, ஒவ்வொருவரின் உடல்நிலையையும் அறிந்து, அவருக்கும் விளக்கி, அவர் ஏற்கும் வழியைத் தேர்வதே முறை.

'அவருக்கு எப்படிப் புரியும்?' என்று கேட்கலாம். இங்கிலாந்து உயர்நீதிமன்றம் 2010-இல் ஒரு வழக்கில் இதற்குப் பயனுள்ள அளவுகோலைத் தந்தது. கருத்தடை எதற்கு, என்னென்ன வகைகள் உள்ளன, ஒவ்வொன்றின் நன்மை தீமை என்ன, வேண்டாம் என்றால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியுமா என்பன போன்ற நேரடியான மருத்துவச் செய்திகள் புரிந்தால் போதும். ஒரு குழந்தையை வளர்ப்பது எப்படிப்பட்டது என்பதையெல்லாம் அவர் முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டியதில்லை என்றது அத்தீர்ப்பு. பிற பெண்களிடம் நாம் எதிர்பார்க்காத ஞானத்தை இவர்களிடம் மட்டும் எதிர்பார்ப்பது முறையாகாது. எளிய சொற்கள், படங்கள், பழகிய ஒருவர் உடனிருத்தல், அவசரமின்றி இரண்டு மூன்று முறை பேசுதல் ஆகியவை இருந்தால், புரியாது என்று நாம் நினைத்த பலருக்கும் புரிகிறது. நமது 2016-ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாவலர் தனித்து முடிவெடுக்காமல், மாற்றுத்திறனாளியோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையையே முன்வைக்கிறது.

பொருளாதாரம் கற்பித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேர்வு செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கும்போதுதான் 'தேர்வு' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. என் மாணவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். மகளைப் பகலில் விட்டுச்செல்ல அருகில் நம்பகமான பராமரிப்பு மையம் இல்லை. உதவிக்கு ஆள் வைத்தால் ஊதியத்தில் பெரும்பகுதி போய்விடும். வேலையை விட்டால் வீட்டுக் கடனைக் கட்ட முடியாது. ஒருமுறை செலவில் முடிந்துவிடும் அறுவை சிகிச்சைதான் அவருக்கு எட்டக்கூடிய ஒரே தீர்வாகத் தெரிந்தது. சமூகம் ஏற்க வேண்டிய பராமரிப்புச் செலவைக் குடும்பத்தின் தலையில் சுமத்துகிறோம். குடும்பம் அதைத் தாங்க மாட்டாமல் அந்தப் பெண்ணின் உடல்மீது இறக்கிவைக்கிறது. மாற்றுத்திறன் உடையவர் பிறரைப் போன்ற வாழ்வைப் பெற அவருக்குக் கூடுதல் வளம் தேவை என்று அமர்த்தியா சென் 1979-ஆம் ஆண்டு உரையிலேயே வாதிட்டார். அந்தக் கூடுதல் வளத்தைத் தராமல் விட்டுவிட்டு, தாயின் முடிவை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் காரியங்கள் அல்ல. சிறப்புப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் உடல், மாதவிடாய், பாதுகாப்பான தொடுதல் பற்றிய கல்வி பூப்பெய்தும் வயதுக்கு முன்பே இடம்பெற வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு மனநல ஆலோசகர், ஒரு சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் சேர்ந்து இப்பெண்களுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை வழங்கும் நாளை மாதம் ஒருமுறையாவது ஏற்படுத்தலாம். அறிவுசார் குறைபாடு உடைய இளம்பெண்ணுக்குக் கருப்பையை அகற்றப் பரிந்துரைக்கும் எந்த மருத்துவமனையும், நோய்க்கான காரணத்தையும், அப்பெண்ணிடம் விளக்கிய முறையையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பகல்நேரப் பராமரிப்பு மையங்கள் ஒன்றியந்தோறும் வர வேண்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுக்கள், பாதுகாவலர் சான்றிதழ் வழங்குவதோடு நில்லாமல், 'எனக்குப் பிறகு யார்?' என்ற பெற்றோரின் கேள்விக்கு விடைதேடும் இடமாகவும் மாற வேண்டும்.

என் மாணவி அன்று அரைமனத்தோடுதான் திரும்பிச் சென்றார். ஒரு சிறப்புக் கல்வியாளரிடம் அவரை அனுப்பிவைத்தேன். ஆறு மாதங்கள் கழித்து மீண்டும் வந்தார். மகள் இப்போது நாள்காட்டியில் தானே வட்டமிட்டுக்கொள்வதாகவும், பத்து முறைக்கு ஏழெட்டு முறை உதவியின்றித் தன்னைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அறுவை சிகிச்சை பற்றி மகளிடம் படம் வரைந்து விளக்கியிருக்கிறார். "வயிற்றைக் கிழிக்க வேண்டாம், அம்மா" என்று அவள் சொன்னாளாம். "இத்தனை தெளிவாகச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

அவருடைய கவலைகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பகலில் மகளைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். தனக்குப் பிறகு யார் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. அவற்றுக்கு விடை சொல்லும் பொறுப்பு அரசுக்கும் நமக்கும் இருக்கிறது. ஆனால், அந்தப் பெண்ணிடம் கேட்பதற்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதை இன்றே, ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கலாம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).